அந்த வருஷத்து ஊசி

அக்கா,

ஸ்பிரிட் தோய்த்த பஞ்சை நர்ஸ் என் மேற்கையில் தேய்த்தபோது வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. நீ பக்கத்தில் நிற்பதுபோல இருந்தது. ஊசி என்றால் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நீ மட்டும் குனிந்து அது இறங்குவதையே பார்ப்பாய். "எவ்ளோ மருந்து உள்ள போவுது சிஸ்டர்? இது உடம்புல எங்க போய் நிக்கும்?" என்று கேட்பாய். பின்னால் வரிசையில் இருப்பவர்கள் பல்லைக் கடிப்பார்கள்.

போன மாதம் பிரேசர் டவுனில் நாம் வழக்கமாகப் போகும் கிளினிக்கில்தான் இந்த வருஷத்து ஃப்ளூ ஊசியைப் போட்டுக்கொண்டேன். இந்த முறை கேள்வி கேட்டவள் நான். நாலு வருஷமாகக் கேட்கப் பயந்து விழுங்கி வைத்திருந்த கேள்வி. கிடைத்த பதிலை உன்னிடம் சொல்லியாக வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நான் ஜீவனஹள்ளி வீட்டுக்குச் சின்ன மருமகளாக வந்த முதல் மாதம், மூத்த மருமகளான உன்னை "வாங்க, போங்க" என்றுதான் அழைத்தேன். "எனக்கு ஷிப்டுக்கு நேரமாச்சு. இவ்ளோ நீட்டிப் பேசினா பஸ்ஸே போய்டும், வா போன்னே கூப்டு" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாய். கீழ் வீட்டில் நீயும் மாமாவும், மாடியில் நானும் அவரும் பின்னால் பிறந்த என் மகளும். துணி காயப்போடும் கொடிக்காக நாம் போட்ட சண்டையைத் தெருவே கேட்டிருக்கிறது. சண்டை முடிந்த அரை மணி நேரத்தில் குழம்புக் கிண்ணத்தோடு படியேறி வருவாய்.

கார்மெண்ட்ஸில் உனக்குச் செக்கர் வேலை. தைத்து முடித்த சட்டைகளைத் திருப்பிப் புரட்டி, பிரிந்த தையலையும் விடுபட்ட காஜாவையும் கண்டுபிடிக்கிற வேலை. அந்தக் கண் வீட்டுக்கு வந்தாலும் மூடாது. அங்கே பறக்கும் பஞ்சுத் தூசிதான் உன் நெஞ்சில் இழுப்பாக உட்கார்ந்துகொண்டது என்று மாமா சொல்வார். நீ ஒத்துக்கொள்ள மாட்டாய். "லைன்ல நூறு பேரு இருக்காங்க. எனக்கு மட்டும் ஏன் வரணும்?" என்பாய். அதுவும் உனக்கு ஒரு கேள்விதான்.

மழைக்காலம் வந்தால் ஜுரத்தில் ஆரம்பித்து இழுப்பில் முடியும். இருபது நாள் வேலைக்குப் போக முடியாது. டாக்டர் ஃப்ளூ ஊசியைப் பற்றிச் சொன்ன அன்று நான் உன் கூட இருந்தேன்.

"போட்டா ஜுரமே வராதா டாக்டர்?"

"சாதாரண சளி ஜுரத்துக்கு இது கேக்காதும்மா. ஃப்ளூவுக்குத்தான். அதுவும் சில பேருக்கு ஊசி போட்டும் வரும். வந்தாலும் பெரும்பாலும் லேசா போயிடும்."

"போட்ட அன்னிக்கே வேலை செய்யுமா?"

"ரெண்டு வாரம் ஆகும்."

"அப்புறம் எதுக்கு வருஷா வருஷம்?"

"கிருமி மாறிக்கிட்டே இருக்குதே. அதுக்கேத்த மாதிரி மருந்தையும் மாத்தறாங்க."

உன் முகம் மலர்ந்துவிட்டது. "சீசனுக்கு சீசன் டிசைனை மாத்தி ஆர்டர் குடுக்குற பையர் மாதிரி" என்றாய். வெளியே வந்ததும் எனக்கு விளக்கம் வேறு. "செக்கிங் தாண்டியும் நாலு பீஸ் தப்பிப் போவத்தான் செய்யுது. அதுக்காகச் செக்கரே வேணாம்னு சொல்லுவானா?" டாக்டர் சொன்னதைவிட நீ சொன்னதுதான் எனக்குப் புரிந்தது.

அந்த வருஷம் முதல் காலண்டரில் யாருக்கு ஜுரம் வந்தாலும் அந்தத் தேதியில் "ஜு" என்று எழுதி, பக்கத்தில் ஆளின் முதல் எழுத்தையும் போட்டாய். ஐந்து பேரில் ஊசி போட்டுக்கொண்டது நீ ஒருத்திதான். முதல் வருஷம் உன் எழுத்து ஒரே ஒரு முறை, அதுவும் இரண்டு நாள் ஜுரம். அடுத்த வருஷம் இல்லவே இல்லை. நான் மெச்சிக்கொண்டேன். நீ திருப்தியாகவில்லை. "ஊசியால வரலையா, இல்ல இந்த வருஷம் வர்ற மாதிரியே இல்லையா? வராத ஜுரத்தை எப்டிடி எண்றது?" என்று காலண்டர் முன்னால் வெகுநேரம் நின்றாய். ஐந்து பேரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, ஐயாயிரம் பேர் வேண்டும் என்று நீயே முடிவுக்கும் வந்தாய். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நீ. நர்சரி டீச்சர் என்று சொல்லிக்கொள்ளும் எனக்கு அது தோன்றவில்லை.

மூன்றாவது வருஷத்துக்கு வருகிறேன்.

அப்போது கிளினிக்கில் அந்த ஊசி மருந்து ஸ்டாக் இருக்காது. மெடிக்கலில் நாமே வாங்கி, ஐஸ் பேக்கோடு சாயங்காலம் டாக்டரிடம் எடுத்துப் போக வேண்டும். உனக்கு ஓவர்டைம் என்பதால் என்னை வாங்கி வைக்கச் சொன்னாய். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வாங்கினேன். "கூலா வெச்சுக்குங்க" என்று கடைக்காரர் சொன்னார். வீட்டுக்கு இருந்தது ஒரே ஃப்ரிட்ஜ், அதுவும் எங்கள் மாடியில். மீன் கெடாமல் இருக்க எங்கே வைப்போமோ அங்கே வைத்தேன். எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு நல்லது என்பது என் அறிவு. வேலை முடிந்து வரும் வழியிலேயே கிளினிக்கில் எட்டிப் பார்த்து, டாக்டர் இன்று வரவில்லை என்று சொன்னாய். மருந்து உள்ளேயே இருந்தது. மறுநாள் காலை ஃப்ரீசரைத் திறந்தால் ஊசிக்குள் மருந்து கல்லாக இருந்தது.

உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் உருகிவிட்டது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன், தண்ணீர்போலத் தெளிவாக இருந்தது. ஒன்றும் ஆகவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விலை கொடுத்து வாங்கியதை வீணாக்கிவிட்டாள் என்ற பேச்சுக்கும் பயந்தேன். அன்று சாயங்காலம் அது உன் கையில் இறங்கியது. நீ வழக்கம்போலக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஆகஸ்டில் படுத்தாய். மூக்கில் குச்சி விட்டு எடுத்துப் பார்த்து ஃப்ளூதான் என்றார்கள். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள், மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு. குழாயை எடுத்ததும் நீ கேட்டது கஞ்சியோ தண்ணீரோ இல்லை. "இந்த வருஷம் ஏன் தப்பிச்சுது டாக்டர்?" என்றுதான் கேட்டாய். மருந்துக்குப் பொருந்தாத கிருமியாக இருந்திருக்கலாம், உன் நெஞ்சு பலவீனமாக இருந்ததும் காரணமாக இருக்கலாம் என்றார். கட்டில் காலடியில் டிபன் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். என்னைப் பார்த்து, "கேட்டியா?" என்றாய். தலையை ஆட்டினேன்.

அதற்குப் பிறகு நெஞ்சு பழையபடி ஆகவில்லை. வேலையை விட்டாய். வீட்டில் உட்கார்ந்த நாட்களில் காலண்டரைப் புரட்டிப் புரட்டிக் காரணம் தேடினாய். ஊசி போட்ட அன்று ஓவர்டைம் முடித்து வந்ததாலா? அன்று சாப்பிடாமல் போனதாலா? நர்ஸ் புதுசு, சரியாகப் போடவில்லையா? ஒவ்வொன்றையும் என்னிடம் கொண்டு வந்தாய். "இருக்கலாம்க்கா" என்றேன் எல்லாவற்றுக்கும். நீ மட்டும் நம்பிக்கையை விடவில்லை. அடுத்த வருஷம் நீயும் போட்டுக்கொண்டு என்னையும் என் மகளையும் இழுத்துப் போனாய். கிளினிக்கிலேயே மருந்து வைக்க ஆரம்பித்திருந்தார்கள். மாமாதான் மசியவில்லை. "போட்டும் படுத்தா. இதுல இன்னா இருக்குது?" என்று முடித்துவிட்டார். போன தை மாதம் உன் இதயம் நின்றபோது, அந்த ஃப்ளூவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். நம்புகிறேன். ஆனாலும் அந்த ஃப்ரீசரைப் பற்றி நான் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை.

போன மாதம்தான் கேட்டேன். "சிஸ்டர், இந்த மருந்தைத் தெரியாம ஃப்ரீசர்ல வெச்சு, அப்புறம் உருகினதும் போட்டா?"

நர்ஸ் கன்னடத்துப் பெண். கையை உதறினாள். "அய்யோ, பிசாக்பேக்கு! தூக்கிப் போட்டுடணும் மேடம். ஃப்ரீஸ் ஆனா வேஸ்ட். பாக்ஸ் மேலயே போட்டிருக்கு, பாருங்க."

பார்த்தேன். தினமும் முப்பது குழந்தைகளுக்கு ஏ பி சி டி சொல்லிக்கொடுக்கிறவள் படிக்காமல் விட்ட மூன்று வார்த்தை ஆங்கிலம்: 'டூ நாட் ஃப்ரீஸ்'. நல்ல ஊசியாக இருந்திருந்தால் உனக்கு வராமல் போயிருக்குமா என்றும் கேட்டேன். "யாருக்கு வரும், யாருக்கு வராதுன்னு ஒரு ஆளை வெச்சு எப்டி சொல்றது?" என்றாள். நீ சொன்ன அதே ஐயாயிரம் பேர் கணக்குதான்.

மாமாவுக்கு இப்போது சர்க்கரை. போன மழைக்கு இரண்டு வாரம் படுத்து எழுந்தார். உனக்கு வந்ததையே சாட்சியாகக் காட்டித்தான் ஊசி வேண்டாம் என்று சொல்லிவந்தார். அந்தச் சாட்சியைக் கெடுத்தவள் நான். நர்ஸிடம் கேட்டு வந்த அன்று சாயங்காலம், தன் ஆட்டோவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

துணியை மடித்து சீட் மேல் வைத்தார். "அவகிட்ட சொன்னியா?"

"இல்ல மாமா."

"சொல்லியிருக்கலாம்மா. பைத்தியம் மாதிரி யோசிச்சிக்கினே இருந்தா."

மூன்று நாள் மாடிக்குக் காபி குடிக்க வரவில்லை. நாலாவது நாள் படியடியில் நின்று கூப்பிட்டார். "ஏம்மா, அந்த கிளினிக்ல மருந்தை எங்க வெச்சிருக்கானுங்க, நீ பாத்தியா?" அவர் ஆட்டோவிலேயே போனோம். உள்ளே போனதும் ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டச் சொன்னார். நர்ஸ் சிரித்துக்கொண்டே காட்டினாள். சட்டைக் கையை மடித்து நீட்டினார். எனக்கு அழுகை வந்தது.

இப்போதெல்லாம் எந்த மருந்துப் பெட்டியையும் கடைசி எழுத்துவரை படிக்கிறேன். வரிசையில் நிற்பவர்கள் பல்லைக் கடித்தாலும் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். உன்னிடமிருந்து தொற்றிக்கொண்டதில் இது ஒன்றுக்கு மட்டும் தடுப்பூசி வேண்டாம்.

நேரில் சொல்லியிருந்தால் நீ என்னைத் திட்டியிருப்பாய். கொடிக்காகப் போட்டதைவிடப் பெரிய சண்டையாக இருந்திருக்கும். அதெல்லாம் முடிந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, எத்தனை மணி நேரம் ஃப்ரீசருக்குள் இருந்தது என்று கேட்டிருப்பாய். நிச்சயம் கேட்டிருப்பாய். அதற்காகவே எண்ணிப் பார்த்து வைத்திருக்கிறேன்.

பதினெட்டு மணி நேரம், அக்கா.