கோப்பைக்கு அஞ்சிய இருவர்

பிரியத்துக்குரிய என் பிடிவாதக்கார அண்ணா,

நீங்கள் போன பிறகு நடந்த முதல் ஆடவர் ஒற்றையர் டென்னிஸ் காட்சிப் போட்டியின் முடிவைத் தெரிவிக்கவே இக்கடிதம். பூம்பாறையில் பூண்டு பயிரிடும் வீரபாண்டி, நம் கொடைக்கானல் பல் மருத்துவர் செல்வத்தை 6-4, 4-6, 7-5 என்ற கணக்கில் வென்றார். கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? பார்க்க அப்படி இல்லை.

நீங்கள் வகுத்த விதிதான் காரணம். கோப்பையை வெல்பவரே மறு ஆண்டுப் போட்டியை நடத்த வேண்டும். ஆடுகளத்தைச் சீராக்கி, ஆள் பிடித்து, வந்தவர்கள் அனைவருக்கும் மதிய உணவு போட வேண்டும். பதினோரு ஆண்டுகள் நீங்களே வென்றீர்கள், நீங்களே நடத்தினீர்கள். மற்றவர்கள் கைதட்டினார்கள். இந்த ஆண்டு உங்களுக்குப் பதிலாக நான் நடத்தினேன்.

இறுதி ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் பனிமூட்டம் இறங்கியது. மருத்துவர் அடித்த பந்து வீரபாண்டியின் பக்கம், கோட்டருகே விழுந்தது.

"உள்ளதாங்க விழுந்துச்சு. பாயிண்டு டாக்டருக்கு" என்றார் வீரபாண்டி.

"இல்லங்க, அவுட். நானே பாத்தேன்" என்றார் மருத்துவர், எதிர்க்கோடியிலிருந்து.

"வலையே தெரியாத பனியில அந்தக் கோடு மட்டும் தெரிஞ்சுச்சாக்கும்?" என்று கேட்டேன்.

கம்பி வேலிக்கு வெளியே நின்ற வீரபாண்டியின் மனைவி எச்சரித்தாள்: "ஏங்க, கோப்பையத் தூக்கிட்டு வந்தீங்கன்னா வீட்டுக்குள்ள விட மாட்டேன். பூண்டுச் சோலி அப்படியே கெடக்கு. ஊருக்கே சோறு வடிக்க நான் ஆளில்ல!"

"ஏலே வீரபாண்டி, வெரசா ஜெயிச்சுத் தொலைடா, குளிருது!" என்றார் அவருடைய சேக்காளி ஒருவர்.

அந்தப் புள்ளியை மறுபடி ஆடச் சொன்னோம். பிறகு இருவரும் மாறி மாறி வலையிலேயே அடித்தார்கள். கடைசியில் வீரபாண்டியின் கை தன்னை மறந்து ஒரு பந்தை ஒழுங்காக அடித்துவிட்டது. வென்றவர் முகத்தில் அப்படியொரு துக்கத்தை நான் கண்டதில்லை. "அடுத்த வருசம் போட்டியே வேணாமுங்க" என்று கோப்பையை மேசைமேல் வைத்துவிட்டார்.

"நான் நடத்துறேன். இனிமே ஜெயிக்கிறவனுக்குக் கோப்பை மட்டும்தான்" என்றேன்.

அவர் முகம் உடனே தெளிந்தது. அந்தத் தெளிவைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சந்தேகம் பிறந்தது. "எங்க அண்ணன்கிட்ட ஆறு ஃபைனல் தோத்தியே, நெசமாத்தான் தோத்தியா?"

"அய்யா நல்லா ஆடுவாகம்மா" என்றவர், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பினார். பூம்பாறைப் பேருந்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

அண்ணா, உங்கள் ஆட்டம் சுமார்தான். நீங்கள் உயிரோடு இருக்கும்போதே சொல்லியிருக்கிறேன். அப்படியானால் பதினோரு முறை எப்படி? அவர்கள் விட்டுக்கொடுத்தார்கள் என்றால், அது உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தேதான், போட்டி நின்றுவிடக் கூடாதென்று, தோற்க விரும்பியவர்களையெல்லாம் வென்றுகொண்டிருந்தீர்களா?

அடுத்த ஆண்டு வீரபாண்டி அச்சமின்றி ஆடுவதைப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். மீதியை உங்களிடம்தான் கேட்க வேண்டும். அதற்கு எனக்கு அவசரமில்லை. அதுவரை ஆண்டு தவறாமல் போட்டி நடக்கும். இது என் வாக்கு.

இப்படிக்கு,
உங்களுக்கு ஒருபோதும் விட்டுக்கொடுக்காத தங்கை,
சிவகாமி