தேதியை மாற்றும் அனுமதி

சின்ச்சு

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

எங்கள் சோதனைக்கூடக் கணினியின் தேதியை ஏதோ ஒரு நிரல் பின்னுக்குத் தள்ளுகிறது. தாமதமான சோதனைகள் கெடுவுக்குள் முடிந்ததாகப் பதிவாகின்றன. தேதியை மாற்றும் அனுமதி எனக்கும் மேலாளர் குவோவுக்கும் மட்டுமே உண்டு. விசாரணை வந்தால் என் வேலைதான் முதலில் போகும்.

"மெஷின் மக்கர் பண்ணாம இருக்க வழக்கப்படி அது மேல வெச்ச பச்சை நொறுக்குத்தீனிப் பொட்டலம் காலாவதியாயிடுச்சும்மா, அதான் அடம் பிடிக்குது. புது நொறுக்குத்தீனி வாங்கி வை" என்றார் குவோ இன்று. நான் வெளியே போகும்போதெல்லாம்தான் தேதி மாறுகிறது.

"நீங்களே பார்த்து வாங்கிட்டு வாங்க சார், மெஷினுக்கு நான் துணையா இருக்கேன்" என்றேன். அவரும் போகவில்லை. எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம்.

சாப்பிடவும் எழ முடியவில்லை. அம்மா வறுக்கும் மீன் துருவல் ஒரு புட்டி அனுப்புங்கள். இங்கே பேச்சுத்துணைக்கும் அவர் ஒருவர்தான்.

என் திரையை எட்டிப் பார்க்கிறார், முடிக்கிறேன்.

மகள் இ-ஜென்