வீடு பார்க்காத மத்தியானங்கள்

என் சிட்டுக்கு அப்பா எழுதுவது.

ஆமாம், நானேதான் எழுதுகிறேன். வேறு யார் கையும் படவில்லை. இதுவரை எழுதவே ஒரு மணி நேரம் ஆயிற்று. முதல் வரியை இப்போது திரும்பப் படித்தேன். நான் எழுதியதை என்னாலேயே படிக்க முடிகிறதம்மா!

நாற்பது வருஷம் லிஃப்ட் ஓட்டியவனுக்கு எண்கள் தெரிந்தால் போதுமாக இருந்தது. இப்போது தெருவில் இறங்கினால் எழுத்துகள் எல்லாம் என்னைக் கூப்பிடுகின்றன. மருந்துக் கடைக் கதவில் இருப்பது ஏதோ நல்ல வாசகம் என்று இத்தனை வருஷம் மரியாதையாகப் பார்த்து வந்தேன். 'தள்ளவும்' என்றுதான் இருக்கிறது. அப்படியே நின்று சிரித்தேன்.

உன் ஆபீஸில் நீ யோசித்துச் செய்து, என் நிலவரத்தை உனக்குச் சொல்ல அறைக்கு அறை மாட்டிவிட்டுப் போன கருவிகள் எல்லாம் நலம். நான் எழுந்தால் விளக்கு எரிகிறது. நடக்க நடக்க அடுத்தது, அதற்கடுத்தது என்று எனக்கு முன்னால் எரிந்துகொண்டே போகிறது. யாரோ கொஞ்சம் முன்னால் நடந்து போவது போல இருக்கும். சில நாள் சமையலறை வரை போய், தண்ணீர் குடிக்காமலே திரும்பி வருவேன், இன்னொரு தடவை அவர் பின்னால் நடக்கலாமே என்று.

சரி, சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். கோபப்படாதே.

எனக்கு எழுத்துச் சொல்லித் தருவது மேல்வீட்டுத் தையல்காரம்மா. மத்தியானம் மூன்று மணிக்கு வந்து ஹாலில் பாடம் எடுப்பார். ஒரு மணி நேரத்தில் போய்விடுவார், நான் ஏழு வரை உட்கார்ந்து எழுதுவேன். அந்த ஹாலில்தானே உன் கருவியின் கண் இருக்கிறது? அது வழியாக நீ பார்க்கிறாய் என்றே நினைத்திருந்தேன். என் 'ழ'வின் வாலைப் பார்த்துத் தையல்காரம்மாவே, "பெரியவரே, இது இப்படியே போனா பக்கத்து வீட்டுக்குள்ள போயிடும்" என்பார். அந்தக் கோணல் எழுத்தை நீ பார்த்தால் என் மானம் என்ன ஆவது? அதனால் பாடம் தொடங்குமுன் கண்ணின் மேல் ஒரு துண்டைப் போட்டுவிடுவேன். முதல் கடிதத்தை நன்றாக எழுதி உன்னைத் திகைக்க வைக்க வேண்டும் என்று இருந்தேன்.

போன வாரம் போனில் நீ சொன்னது நினைவிருக்கிறதா? "அப்பா, மூணு மாசமா மத்தியானம் முழுக்க அசையாமப் படுத்தே கிடக்கிறீங்க. வீடு சொல்லுது." ரகசியத்தைக் காப்பாற்ற நானும் ஆமாம்மா, கொஞ்சம் அசதி என்று சொல்லி வைத்தேன். வீடு தெரியாமல் சொன்னது. நான் தெரிந்தே சொன்னேன். நீ பயந்துபோய் முதியோர் இல்லத்தில் இடம் பிடித்து, இருபதாம் தேதி வண்டி வரும் என்றுவிட்டாய். வாயால் மறுத்தால் நம்ப மாட்டாய் என்றுதான் இதை எழுதுகிறேன். படுத்துக் கிடப்பவன் கையெழுத்தா இது, பார்.

அந்தக் கண்ணுக்கு உருவம் தெரியாது, உடம்புச் சூடும் அசைவும்தான் தெரியும் என்று தையல்காரம்மா நேற்றுத்தான் கருவியோடு வந்த தாளைப் படித்துச் சொன்னார். துண்டு மறைத்ததும் நான் அசையவே இல்லை என்று எண்ணிவிட்டதாம். நீயும் மாட்டும்போது சொல்லியிருப்பாய், எனக்குத்தான் மண்டையில் ஏறவில்லை. இதையே இன்னும் முன்னூறு வீடுகளில் மாட்டப் போகிறாய் அல்லவா? அங்கேயும் என்னைப் போல வெட்கப்பட்டு மூடுகிறவர்கள் இருப்பார்கள். அதற்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று அதன் மேலேயே படமாகப் போடு. கூடவே ஒரு பொத்தானும் வை. 'நான் நலம், கொஞ்ச நேரம் என்னைப் பார்க்காதே' என்று அவர்கள் அதற்குச் சொல்லட்டும். அதன் கண்ணை யாராவது மூடியிருந்தால், மனிதர் விழுந்துவிட்டார் என்று அது முடிவு கட்டக் கூடாது. முதலில் கேட்கட்டும்.

துண்டை எடுத்துவிட்டேன். இன்றைக்கு மத்தியானம் முழுக்க அது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நீயே ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாய் என்று எண்ணிக்கொண்டு எழுதினேன். வெயில் மேஜை மேல் நகர்ந்து நகர்ந்து, கடைசியில் காகிதத்தை விட்டு இறங்கிப் போயிற்று. நிமிர்ந்து பார்த்தேன். ஜன்னலோரம் நாற்காலி மட்டும் இருந்தது.

வேளைக்குச் சாப்பிடு. கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. நீ எங்கே இருந்தாலும் குறைவில்லாமல் இரு. இருபதாம் தேதி வண்டி வேண்டாம் என்று சொல்லிவிடம்மா. நிறுத்த முடியாது, வந்துதான் தீரும் என்றால், அதில் நீ ஏறி வா.

இப்படிக்கு,
உன் அப்பா