சோறு வந்த சேதி

என் பிரியமுள்ள அக்காவுக்கு,

நீ போனபோது தவழ்ந்துகொண்டிருந்த உன் மகள் எஸ்தருக்குக் கல்யாண வயசாகிறது. உன்னைக் கொண்டுபோன அதே சர்க்கரை வியாதி அவளுக்கும் வந்துவிட்டது. பதறாதே! உனக்குக் கிடைக்காத இன்சுலின் என்ற மருந்து இப்போது நம்மூர்ப் பக்கமே வருகிறது. சாப்பாட்டுக்கு முன் என் மனைவி தங்கம்தான் ஊசி போடுகிறாள்.

பெரிய வெள்ளியன்று நடந்ததைத்தான் சொல்ல வந்தேன். வீடே உபவாசம். எஸ்தருக்கு மட்டும் ஊசி போட்டு, கஞ்சியும் வைத்துக் கொடுத்துவிட்டுக் கோயிலுக்குப் புறப்பட்டோம்.

“ஏட்டி, கஞ்சி குடிச்சியா?” என்று கேட்டேன்.

“குடிச்சாச்சு மாமா” என்றாள். கள்ளி! கஞ்சியைக் கோழிக்கு ஊற்றியிருக்கிறாள். உன் பிடிவாதம் அப்படியே.

ஆராதனை நடுவே அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கிப் பாயில் சரிந்தாள். ஊசிக்குப் பின் ரத்தத்தில் சர்க்கரை ரொம்ப இறங்கினால் இனிப்புக் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தபடி தங்கம் ஓடிப்போய்க் கருப்பட்டியைக் கரைத்துவந்து கொஞ்சங்கொஞ்சமாக வாயில் விட்டாள். கண் திறந்ததும் எஸ்தர் சொன்னாள்: “எல்லாரும் பட்டினி கெடக்கும்போ நான் மட்டும் திங்கவா மாமா?” அவளை அடிக்கவா, கட்டிக்கொண்டு அழவா?

மறுநாள் மிஷன் ஆசுபத்திரி டாக்டர் என்னைத்தான் ஏசினார். “வேய், நீரு பட்டினி கெடந்தா ஒண்ணும் ஆவாது. சோறு உள்ள போனதும் குடலு ரத்தம் வழியா கணையத்துக்குச் சேதி அனுப்புது. அப்பந்தான் அது இன்சுலினைத் தாராளமா விடும். ஊசி மருந்து அப்பிடிக் காத்துக் கெடக்காது, சோறு வராட்டாலும் சர்க்கரையை இறக்கிப்புடும், பாத்துக்கிடும்!” வெளிநாட்டு டாக்டர்கள் இப்படி எழுதுகிறார்களாம். சிலர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லையாம்.

நான் அசந்துபோனேன் அக்கா. மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் அள்ளிப்போட்டுவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டு போகிறவன் நான். உள்ளே இப்படி ஒரு சேதி ஓடுகிறது என்று யார் கண்டது? நான் ஜெபம் பண்ண மறந்து சாப்பிட்டாலும் அந்தக் குடல் தன் வேலையை மறக்கவில்லையே! ஆண்டவரே, ஒரு கவளம் சோற்றுக்கு இவ்வளவு ஏற்பாடா?

உன் குடலும் கடைசிவரை சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கும். தின்னத் தின்ன மெலிந்தாயே, அந்தச் சேதியைக் கேட்டு இன்சுலின் விட உள்ளே ஆளில்லாமல்தானா?

எஸ்தர் உடம்பிலும் கேட்க ஆளில்லை. இனி இலையில் சோறு விழாமல் ஊசியைத் தொடமாட்டோம். எந்த வெள்ளியானாலும் சரி, அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை நான் எழுந்திருக்கமாட்டேன். உன்னைத்தான் விட்டுவிட்டோம். இவளை விடமாட்டேன் அக்கா.

உன் மகளின் இலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்
உன் தம்பி,
சாமுவேல்