கூரை இல்லாத கேலரி

மார்ச் 3, செவ்வாய்

காலைப் பயிற்சி முடிந்து வலைகளைக் கழற்றும்போதுதான் சுவரைப் பார்த்தேன். டிக்கெட் கவுண்டரை ஒட்டி இரண்டு போஸ்டர்கள். ஒன்று டயர் கடைக்காரருடையது. அவர்தான் இப்போது எங்கள் கால்பந்து கிளப்பின் தலைவர். இன்னொன்று அவரை எதிர்த்து நிற்கும் பல் டாக்டருடையது.

டயர் கடைக்காரர்: "மீண்டும் நானே! கோச் மாற்றப்படுவார்!"

பல் டாக்டர்: "புதிய தலைமை! கோச் உடனே மாற்றப்படுவார்!"

அந்தக் கோச் நான்தான். இருவருக்கும் உள்ள கொள்கை வேறுபாடு அந்த "உடனே" மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

லீக்கில் நாங்கள் நடுவில் இருக்கிறோம். மேலேயும் போகவில்லை, கீழேயும் விழவில்லை. இதற்கு ஒரு மனிதனின் வேலையைப் பறிப்பார்களா? எனக்கு வேறு தொழில் தெரியாது. ஓரக்கோட்டில் நின்று பதினோரு பேரைப் பார்த்துக் கத்துவதற்குச் சம்பளம் கொடுக்கிற இடம் ஊருக்கு ஒன்றுதான் இருக்கும்.

மார்ச் 4, புதன்

மனைவியிடம் சொன்னேன். மருந்துக்கடை வேலை முடிந்து அப்போதுதான் வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். "போஸ்டர்ல உங்க போட்டோ போட்டிருக்காங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப யாருக்கும் தெரியாது விடுங்க" என்றாள்.

மார்ச் 7, சனி

ஆட்டம் டிரா. ஒன்றுக்கு ஒன்று.

இரண்டாவது பாதியில் கிழக்கு கேலரியிலிருந்து வழக்கமான குரல். "அந்தக் கோச்சைத் தூக்குங்கடா! தூக்கி வெளிய போடுங்கடா!" ஒருவர் ஆரம்பித்தால் போதும், கேலரியே சேர்ந்துகொள்ளும். ஆரம்பிக்கிற அந்த ஒருவர் என் மாமனார்.

இதை வெளியில் யாரிடம் சொல்வது? அவர் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். கிளப்பின் பழைய உறுப்பினர். கிழக்கு கேலரியில் மூன்றாவது படி, ஓரத்து இருக்கை அவருடையது. வெயிலுக்குத் தலையில் ஈரத் துண்டு. அங்கே உட்கார்ந்து என்னை வாய்க்கு வந்தபடி பேசுவார். பேருந்து பிடித்து வீட்டுக்கு வருவார். கை கால் கழுவுவார். நான் உள்ளே வந்ததும் நாற்காலியை விட்டு எழுந்து நிற்பார்.

இன்றும் அப்படியே. "வாங்க மாப்பிள்ளை. ஆபீஸ்ல வேலை எப்படிப் போச்சு?" என்றார்.

மைதானத்துக்கு அவர் வீட்டில் வைத்திருக்கும் பெயர் ஆபீஸ்.

"பரவாயில்லை மாமா" என்றேன்.

"மாப்பிள்ளை களைப்பா இருக்காரு, முதல்ல அவருக்குச் சாப்பாடு வைம்மா" என்று மகளிடம் சொன்னார். கத்திக் கத்தி அவருக்குத்தான் தொண்டை கட்டியிருந்தது.

மார்ச் 9, திங்கள்

கிளப் செயலாளர் கூப்பிட்டு அனுப்பினார். ஓய்வு பெற்ற வக்கீல். அறைக்குள் எப்போதும் ஒரே புழுக்கம். விசிறியைப் போட்டால் காகிதங்கள் பறக்கும் என்று போடமாட்டார்.

"தேர்தல் அதிகாரியா உங்களைப் போட்டிருக்கேன்" என்றார்.

"என்னையா சார்? ரெண்டு பேருமே என்னை அனுப்பறேன்னு போஸ்டர் ஒட்டியிருக்காங்க."

"அதனாலதான். ரெண்டு பேர்ல யார் வந்தாலும் உங்களுக்கு லாபமில்ல. இந்த கிளப்புலயே நடுநிலையான ஒரே ஆள் நீங்கதான்."

யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது. அதுதான் எரிச்சல்.

எங்கள் தேர்தலில் வாக்குச் சீட்டு கிடையாது. ஒருவருக்கு மேற்கு கேலரி, ஒருவருக்குக் கிழக்கு கேலரி. உறுப்பினர்கள் யாருக்கு ஓட்டோ அவருடைய கேலரியில் போய் உட்கார வேண்டும். நாலு மணிக்கு அதிகாரி விசில் ஊதுவார். அந்த நொடியில் எங்கே உட்கார்ந்திருக்கிறார்களோ அதுதான் ஓட்டு. கிளப்பை ஆரம்பித்தவர்கள் செய்த ஏற்பாடு. மேற்கு கேலரிக்குக் கூரை உண்டு. கிழக்குக்குக் கிடையாது, மாலை வெயில் நேராக முகத்தில் அடிக்கும். இதுவரை மேற்கு கிடைத்தவர்தான் ஒவ்வொரு முறையும் ஜெயித்திருக்கிறார். ஜெயித்தவர் ஒவ்வொரு முறையும் கொள்கை வென்றது என்று பேசியிருக்கிறார்.

வக்கீல் இன்னொன்றும் சொன்னார். கோச்சை வைப்பதும் அனுப்புவதும் தலைவர் கையில் இல்லையாம். ஜெயித்தவர்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டால் தோற்றவர்கள் கோபித்துக்கொண்டு வேறு கிளப்புக்குப் போய்விடுவார்கள் என்று அந்தக் காலத்திலேயே ஒரு விதி போட்டிருக்கிறார்கள். கட்டடமும் கணக்கும் ஜெயித்தவருக்கு. ஆட்டம் தோற்ற கேலரிக்கு. அங்கே உட்கார்ந்தவர்கள் தங்களில் ஒருவரை ஆட்டப் பொறுப்பாளராகத் தேர்ந்தெடுப்பார்கள். வழக்கமாகத் தோற்ற வேட்பாளரையே தேர்ந்தெடுப்பார்கள்.

"அப்ப ஜெயிச்சா என்னை மாத்தறேன்னு சொல்றவங்க..."

"ஜெயிச்சா மாத்த முடியாது. தோத்தாதான் முடியும். ரெண்டு பேரும் விதியைப் படிக்கல."

"யார் தோத்தாலும் எனக்கு வேலை போகும்."

"ஆமா" என்று வக்கீல் பேனாவை மூடினார். "விசில் உங்ககிட்ட இருக்கில்ல? நாங்க தனியா வாங்க வேண்டாமே?"

மார்ச் 11, புதன்

கடைவாய்ப் பல்லில் வலி. வேறு வழியில்லாமல் பல் டாக்டரிடமே போனேன்.

அவர் பிரசாரம் செய்கிற விதம் இன்றுதான் தெரிந்தது. நாற்காலியைச் சாய்த்து, வாயில் பஞ்சை அடைத்து, கருவியை உள்ளே விட்ட பிறகு ஆரம்பிக்கிறார். "கிழக்கு கேலரிக்குக் கூரை போடப் போறேன். நல்ல திட்டம்தானே? உங்களுக்கு ஆட்சேபம் இல்லையே?" வாயைத் திறந்து வைத்திருக்கிறவன் எப்படி ஆட்சேபிப்பான்? பதில் இல்லையென்றால் ஆதரவு என்று வைத்துக்கொள்கிறார். ஊரில் பாதிப் பேர் தன் பக்கம் என்கிறார்.

"உங்களை அனுப்பறதும் கிளப்போட நல்லதுக்குத்தான். நீங்களே ஒத்துக்குவீங்க."

ஆ என்றேன். ஒத்துக்கொண்டதாக ஆகிவிட்டது.

மாமனாருக்கும் இவர்தான் டாக்டர். மேல் செட் பல் கொடுத்துவிட்டார். கீழ் செட் தேர்தலுக்குப் பிறகுதானாம். அதனால் மாமனாரின் ஓட்டு எங்கே என்பதில் சந்தேகமே இல்லை.

மார்ச் 12, வியாழன்

பல் வலி போய்விட்டது. அந்த ஆளை முழுமனதாகத் திட்டவும் முடியவில்லை.

மார்ச் 14, சனி

வெளியூர் ஆட்டம். தோற்றோம். திரும்பும் வழியில் டீம் பஸ்ஸின் டயர் வெடித்தது. டயர் கடைக்காரரின் கடையில் போட்டதுதான். போன் செய்தோம். தன் ஆளோடு வேறு டயரைக் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்து, சாலையோரத்தில் நின்றபடியே எங்கள் பையன்களுக்கு ஒரு சொற்பொழிவும் ஆற்றினார். "கிளப்ங்கறது ஒரு வண்டி. கோச் ஒரு டயர். தேய்ஞ்சா மாத்தணும். டயர் மேல கோபம் இல்ல." பிறகு என் தோளில் கை போட்டு, "தப்பா எடுத்துக்காதீங்க கோச்" என்றார்.

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 16, திங்கள்

டாஸ் போட்டேன். டயர் கடைக்காரருக்கு மேற்கு. அவருடைய ஆட்கள் ஜெயித்தது போலவே ஆடினார்கள். பல் டாக்டர் முகம் விழுந்துவிட்டது. பிறகு சமாளித்துக்கொண்டு, "வெயிலில் உட்காருகிறவனே உண்மையான ரசிகன்" என்று புது போஸ்டர் அடிக்கச் சொல்லிவிட்டார்.

ஆக, டாக்டர் தோற்பார். டாக்டர்தான் ஆட்டப் பொறுப்பாளர். போஸ்டரில் "உடனே" என்று போட்டவர் அவர்தானே.

மார்ச் 18, புதன்

தூக்கம் சரியில்லை. கோல்கீப்பர் இன்று கேட்டான், "அடுத்த சீசனுக்கு நீங்க இருப்பீங்களா கோச்?" என்னத்த சொல்றது? பந்தைப் பாருடா என்றேன். அவன் நல்ல பையன். நான் எடுத்த பையன். இவர்களை விட்டுவிட்டு நான் எங்கே போவேன்? எவனோ ஒருத்தன் வந்து நிப்பான் என் இடத்துல. இவனுக்கு இடது பக்கம் பாயத் தயக்கம்னு அவனுக்குத் தெரியுமா?

வீட்டில் ஒருவரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. மாமனார் வாழைப்பழத்தை மசித்துச் சாப்பிட்டுக்கொண்டு, "ஆபீஸ்ல ஏதாவது தொந்தரவா மாப்பிள்ளை? முகம் வாடியிருக்கே" என்றார்.

தொந்தரவே நீங்கதான் மாமா! சொல்லவில்லை. "ஒன்றுமில்லை" என்றேன்.

மார்ச் 22, ஞாயிறு

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும். பிறகு என்னாலேயே நம்ப முடியாது.

மூன்று மணிக்கே கூட்டம் வந்துவிட்டது. வானம் மூட்டம். வெயில் இல்லை! டாக்டருக்கு முகமெல்லாம் சிரிப்பு. வெயில் இல்லை என்றதும் கிழக்கும் நிரம்பிக்கொண்டு வந்தது. மேற்கில் இருந்தவர்களில் சிலர், காற்று அந்தப் பக்கம்தான் நன்றாக வருகிறது என்று எழுந்து கிழக்குக்குப் போனார்கள். டயர் கடைக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நான் விதிப்படி மைதானத்தின் நடுவட்டத்தில் தனியாக நின்றேன், கழுத்தில் விசிலோடு. என் வேலையை யார் பறிப்பது என்று எண்ணிச் சொல்ல.

நாலு மணிக்குச் சற்று முன்னால் மழை கொட்டியது. தூறல் கீறல் ஒன்றும் கிடையாது. எடுத்த எடுப்பிலேயே அடைமழை.

கிழக்கு கேலரி மொத்தமாக எழுந்தது. வெயிலில் உட்காரும் உண்மையான ரசிகர்கள் என் இரண்டு பக்கமும் தலைதெறிக்க ஓடி மேற்குக்குப் போனார்கள். எல்லோருக்கும் முன்னால் ஓடியவர் டாக்டர். தன் போஸ்டரையே தலைக்குப் பிடித்திருந்தார். மேற்கில் இடம் இல்லாமல் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்தார்கள். டயர் கடைக்காரரே நகர்ந்து டாக்டருக்கு இடம் கொடுத்தார்.

மழை விட்ட பிறகு ஊதலாமா என்று நினைத்தேன். கூரைக்கு அடியிலிருந்து வக்கீல் கத்தினார். "மணி நாலு! ஊதுங்க! விதியில மழையைப் பத்தி ஒண்ணுமில்ல!"

ஊதினேன்.

பிறகு எண்ணுவதற்காகக் கிழக்கே திரும்பினேன். காலி. படிகளில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. மூன்றாவது படி, ஓரத்து இருக்கை. தலையில் துண்டு. தொப்பலாக நனைந்து, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் மாமனார்.

ஒன்று என்று எண்ணினேன்.

டாக்டர் குதித்தார். "நான் மழைக்குத்தான் வந்தேன்! ஓட்டுப் போட வரல!"

"உட்கார்ந்தீங்களா?" என்றார் வக்கீல்.

"உட்கார்ந்தேன், ஆனா..."

"முடிஞ்சது."

டயர் கடைக்காரர் நா தழுதழுக்கப் பேசினார். எதிர்த்து நின்றவரே தனக்கு ஓட்டுப் போட்ட பெருந்தன்மையை மறக்க மாட்டேன் என்றார். டாக்டருக்கு மாலை போட்டார்.

அதற்குப் பிறகு வக்கீல் குடையோடு கிழக்குக்கு நடந்து போனார். தோற்ற கேலரியில் உட்கார்ந்தவர்கள் தங்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் அல்லவா? கேட்டிருக்கிறார். மாமனார் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தன் கையையே தூக்கினார்.

என் வேலை இப்போது என் மாமனார் கையில்.

மார்ச் 23, திங்கள்

மாமனாருக்குத் தும்மல். அடுக்களையில் என் மனைவி அவரைப் பிடித்துக்கொண்டாள். நான் அடுத்த அறையில் இருந்தேன்.

"ஊரே எழுந்து ஓடிச்சு, உங்களுக்கு மட்டும் என்னப்பா?"

"அது என் இடம்மா. எழுந்தா எவனாவது உட்கார்ந்துடுவான்."

"அந்த மழையிலயா? காலி கேலரியிலயா?"

ஒரு தும்மல் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "மாப்பிள்ளை நடு கிரவுண்டுல நனைஞ்சுக்கிட்டு நிக்கறாரு. நான் கூரைக்கு அடியில உட்கார்ந்து அவரை வேடிக்கை பாக்கறதா? நல்லாவா இருக்கு?"

நான் செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். கண் கலங்கியது. ஆமாம், கலங்கியது, எழுதினால் என்ன?

மார்ச் 26, வியாழன்

நிர்வாகக் குழுவின் முதல் கூட்டம். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மாமனார் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். ஒரே பேருந்தில்தான் வந்தோம், வேறு வேறு இருக்கையில்.

தலைவர், "கோச் விஷயம் உங்க பொறுப்பு. சொல்லுங்க" என்றார்.

மாமனார் எழுந்தார். "இந்தக் கோச் சரியில்ல. வருஷக்கணக்கா தொண்டை கிழியக் கத்தறேன், ஒருத்தரும் காதுல போட்டுக்கல. நடு ஆட்டத்துல ஆளை மாத்தத் தெரியாது. கார்னருக்கு ஆளை நிறுத்தத் தெரியாது."



"அப்ப தூக்கிடலாம்" என்றார் தலைவர்.

"தூக்கிட்டா சனிக்கிழமை நான் யாரைத் திட்டறது?"

தலைவர் வக்கீலைத் திரும்பிப் பார்த்தார், மாமனார் தொடர்ந்தார்.

"புதுசா ஒருத்தர் வருவாரு. அவர் யாரோ, எவரோ. முன்னப்பின்ன தெரியாத மனுஷனை வாய்க்கு வந்தபடி பேசினா மரியாதையா இருக்குமா? இவரைன்னா எனக்கு உரிமை இருக்கு." உட்கார்ந்தவர் மறுபடி எழுந்தார். "அதுவுமில்லாம, மழையில நின்னது இந்த கிளப்புல ரெண்டே பேரு. மத்தவங்க இதைப் பத்திப் பேச வேண்டாம்."

ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள். வக்கீல் எழுதும்போது காரணம் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. "தொடர்ச்சி கருதி" என்று போட்டார்.

மார்ச் 27, வெள்ளி

டாக்டர் ஆள் அனுப்பி மாமனாரைக் கூப்பிட்டு, கீழ் செட் பல்லை அவரே மாட்டிவிட்டாராம். ஆட்டப் பொறுப்பாளரைப் பகைத்துக்கொள்ள முடியுமா?

மார்ச் 28, சனி

மூன்றுக்குப் பூஜ்யம். ஜெயித்தோம். கோல்கீப்பர் இடது பக்கம் பாய்ந்து ஒரு பெனால்டியைத் தடுத்தான்.

மேற்கு கேலரியில், தலைவருக்குப் பக்கத்தில், ஆட்டப் பொறுப்பாளருக்கு என்று மெத்தை வைத்த நாற்காலி போட்டிருந்தார்கள். கடைசி வரை அது காலியாகவே கிடந்தது. இரண்டாவது கோலுக்குப் பிறகு எதிர்ப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "அந்தக் கோச்சைத் தூக்குங்கடா! ரெண்டு கோல் போதுமாடா? தூக்கி வெளிய போடுங்கடா!" முன்பெல்லாம் பாதி காற்றாகப் போகும். இன்று ஒவ்வொரு சொல்லும் மணி மணியாக வந்து விழுந்தது. கீழ் செட் நன்றாகத்தான் பொருந்தியிருக்கிறது.

வீட்டுக்குள் நுழைந்ததும் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"வாங்க மாப்பிள்ளை. ஆபீஸ்ல வேலை எப்படிப் போச்சு?"

"நல்லா போச்சு மாமா. ஒரே ஒருத்தர்தான் கொஞ்சம் சத்தம் போட்டார்."

"அப்படியா? யாரு மாப்பிள்ளை அந்த மரியாதை தெரியாத ஆளு?" என்றார், இரண்டு வரிசைப் பல்லும் தெரிய.