மூன்று மில்லிக்கு வந்த பதில்

செவ்வாய், இரவு

பத்து மில்லி சிரிஞ்சைக் குழாயில் பொருத்தியே விட்டேன். அழுத்தவில்லை, அவ்வளவுதான்.

வாடிப்பட்டிப் பெண். பிரசவ வலி தெரியாமல் இருக்க மதியம் முதுகில் குழாய் போட்டேன். முழு மருந்துக்கு முன் மூன்று மில்லி மட்டும் கொடுத்துப் பார்ப்போம். குழாய் தவறி ரத்தக்குழாய்க்குள் போயிருந்தால் நாடி எகிறும், காது இரையும்; அதில் முழு மருந்தும் போனால் உயிருக்கே ஆபத்து. நாடி எகிறத்தான் செய்தது. அதே நேரம் அவளுக்கு வலியும் வந்ததால், வலியால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

“காது இரையுதாம்மா? தலை சுத்துதா?”

“இல்லங்க டாக்டர்.”

நம்பி முழு மருந்து இருந்த சிரிஞ்சைப் பொருத்தினேன். அப்போதுதான் அவள் சுண்டுவிரலால் காதைக் குடைவதைப் பார்த்தேன்.

“காதுல என்ன?”

“வண்டு இரையிற மாதிரி இருக்குங்க.”

“கேட்டப்ப ஏன் சொல்லல?”

“என்ன கேட்டாலும் இல்லைன்னே சொல்லு, இருக்குன்னா ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிருவாகன்னு எங்க மாமியா சொன்னாக.”

குழாயை உருவி வேறு இடத்தில் போட்டேன். சாயங்காலம் சுகப்பிரசவம். அந்த மாமியார் என் கையில் சீனி கொடுத்து, “ஒரு கொறையும் இல்லாம முடிஞ்சிருச்சு பாத்தீகளா” என்றார். தின்றேன்.

போன வாரம் சமயநல்லூர்ப் பெண்ணும் நான் கேட்டு முடிக்கும் முன்பே இல்லை என்றாள். நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்தாள். அதை என் கைராசி என்று நினைத்திருந்தேன்.

நாளை இரண்டு பேர். இனி ‘இரையுதா’ என்று கேட்கக் கூடாது. ‘என்ன செய்யுது’ என்று மட்டும் கேட்க வேண்டும். அதற்கும் ‘ஒண்ணும் செய்யலங்க’ என்று சொன்னால் என்ன செய்வது?