பெரியப்பா சத்தமில்லாமல் பார்த்த வீடியோ

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். இது என் சயின்ஸ் ரெக்கார்டின் பின்பக்கம். முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுங்கள். நாங்கள் அமீரகத்தில் இருக்கிறோம், என் பெரியப்பா திருச்சியில் இருக்கிறார். அவருக்கு மட்டும் இது போகவே கூடாது.

என் செல்ல அப்பாவுக்கு,

நான் ஒரு தப்புச் செய்துவிட்டேன். அது தப்புதானா என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியவில்லை. வேறு யாரிடமாவது கேட்கலாம் என்றால், கேட்கும்போதே விஷயம் தெரிந்துவிடும். அதனால் உங்களிடம் கேட்கிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. அல் ஐனில் அதே ஃபிளாட்டில்தான் இருக்கிறோம். அம்மாவுக்கு அதே கிளினிக் லேபில்தான் வேலை. உங்கள் விசாவில் இருந்த என்னைத் தன் விசாவுக்கு மாற்ற அம்மா பல நாள் அலைந்தாள். உங்கள் சேஃப்டி ஷூ இன்னும் கதவுக்குப் பின்னால் கிடக்கிறது. யார் எடுத்து உள்ளே வைப்பது என்று தெரியாமல் இரண்டு பேரும் அதைத் தாண்டித் தாண்டிப் போகிறோம்.

இன்னொரு செய்தி உங்களுக்குப் பிடிக்காது. நான் பத்தாவது முடித்ததும் திருச்சிக்கு வந்து தன் வீட்டில் தங்கிப் படிக்க வேண்டும் என்று பெரியப்பா சொல்கிறார். தனியாக ஒரு பெண், வெளிநாட்டில், வயசுப் பிள்ளையை வைத்துக்கொண்டு எப்படி இருப்பாள் என்பது அவர் கேள்வி. அம்மா ஒரே பதில்தான் சொன்னாள். "அவ எங்கூடத்தான் இருப்பா." முதல் வருஷத் திதி முடியட்டும், உட்கார்ந்து பேசுவோம் என்று பெரியப்பா விட்டுவிட்டார். அதற்கு இன்னும் இரண்டு மாதம். அதுவரை அம்மாவை யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதை நானே கெடுத்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது.

பெருநாள் லீவுக்கு நாங்கள் ஜார்ஜியா போனோம் அப்பா. ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. இழுத்துக்கொண்டு போனது ஜெஸ்ஸி ஆன்ட்டி. அம்மாவோடு வேலை செய்யும் கோட்டயத்து நர்ஸ், உங்களுக்கே தெரியும். இங்கே விசா இருந்தால் அங்கே தனி விசா வேண்டாம், நாலு நாள் பேக்கேஜ், லீவு விட்டால் பாதி அல் ஐன் அங்கேதான் நிற்கும் என்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டார். வருஷம் திரும்பவில்லை, பண்டிகைகூடக் கொண்டாடக் கூடாது என்றாள் அம்மா.

"இது உங்க பண்டிகையா? அவங்க பெருநாள். நமக்கு வெறும் லீவ். லீவுக்கு எந்தா தோஷம்?" என்றார் ஆன்ட்டி. அம்மா பாஸ்போர்ட்டுகளைத் தேடி எடுத்தாள். லீவுக்குத் தோஷம் உண்டா என்று நான் இப்போதும் யோசிக்கிறேன்.

ஒரு வருஷத்துக்கு மலை ஏறக் கூடாது என்று அத்தை வேறு சொல்லியிருந்தார். அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீங்கள் கூட்டிப்போகும் ஜபல் ஹஃபீத் மலைக்குக்கூட நாங்கள் பத்து மாதமாகப் போகவில்லை. கோயில் இருக்கிற மலைக்குத்தானா, எல்லா மலைக்குமா என்று அத்தையிடம் கேட்கத் தைரியம் வரவில்லை. ஜார்ஜியாவில் எங்களைக் கூட்டிப்போன சின்ன ஊர், மலை முதுகின்மேல் இருந்தது. வேன் வளைந்து வளைந்து ஏறும்போது அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

இந்த ஊரில் பார்க்க மூன்றே விஷயம், பீர், காடு, ஒயின் என்று கைடு நீனோ அக்கா சொன்னார். ஜெஸ்ஸி ஆன்ட்டியின் கணவர் சாக்கோ அங்கிளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "இது குடியில்ல மோளே, ஸ்டடி டூர்" என்று என்னிடம் சொன்னார். "பரீட்சை நாளைக்கு ரூம்ல நான் வைக்கிறேன்" என்றார் ஆன்ட்டி.

பீர் செய்யும் இடம் ஊருக்கு வெளியே ஒரு ஷெட். உள்ளே போனதும் நான் நின்றுவிட்டேன். ஆளுயர ஸ்டீல் டேங்க்குகள், கறுப்பு இன்சுலேஷன் சுற்றிய பைப்புகள், வால்வு, பிரஷர் காட்டும் வட்ட மீட்டர்கள். ஏசிக்குத் தண்ணீரைக் குளிரவைக்கும் உங்கள் சில்லர் பிளாண்ட் மாதிரியே இருந்தது அப்பா. மற்றவர்கள் கிளாஸைக் கையில் வாங்கிக்கொண்டிருந்தபோது அம்மா மட்டும் ஒரு பைப்பின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அது எத்தனை டிகிரியில் ஓடுகிறது என்று அங்கிருந்த ஆளிடம் கேட்டாள். அவர் பதில் சொன்னதும், சரிதான் என்பதுபோலத் தலையை ஆட்டினாள். பீர் வேண்டாம் என்றதால் எங்கள் இரண்டு பேருக்கும் பச்சை நிறத்தில் ஒரு சோடா கொடுத்தார்கள். இருமல் மருந்து மாதிரி இருந்தது.

மத்தியானம் காட்டுக்குள் ஒரு அருவி. தண்ணீர் கத்தி மாதிரி குளிர். பாறையில் கால் வைத்த அம்மா வழுக்கி, முழங்கால் வரை உள்ளே போய்விட்டாள். பிறகு சிரித்தாள். நிறுத்த முடியாமல் சிரித்தாள். பத்து மாதத்தில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் யாராவது பார்க்கிறார்களா என்றுதான் முதலில் சுற்றிப் பார்த்தேன். நான் ஏன் அப்படிச் செய்தேன்?

சாயங்காலம் ஒயின் வீடு. கம்பெனி இல்லை, ஒரு குடும்பத்தின் வீடு. கீழ் அறையில் ஆள் உள்ளே நிற்கும் அளவுக்குப் பெரிய மண்ஜாடிகளைக் கழுத்து வரை தரையில் புதைத்திருந்தார்கள். வாய் மட்டும் தெரிந்தது. வயதான ஒருவர் நீளக் கரண்டியால் முகந்து ஊற்றினார். ஒயின் தேன் நிறத்தில் இருந்தது. எனக்குத் திராட்சைச் சாறு.

அங்கே சும்மா குடிக்க மாட்டார்களாம். ஒவ்வொரு தடவையும் எதற்காகக் குடிக்கிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் குடிப்பார்களாம். முதலில் கடவுளுக்கு என்றார் அந்தத் தாத்தா. அடுத்தது விருந்தாளிகளுக்கு. அம்மா இரண்டு தடவையும் கிளாஸைத் தொடவில்லை. மூன்றாவது தடவை எல்லோரும் எழுந்து நின்றார்கள். இது போய்விட்டவர்களுக்கு என்று நீனோ அக்கா மெதுவாகச் சொன்னார். தாத்தா ஒரு ரொட்டித் துண்டின்மேல் சில துளிகளை ஊற்றிவிட்டு, உங்கள் ஆட்களின் பெயரைச் சொல்லுங்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டார். சாக்கோ அங்கிள் தன் அப்பா பெயரைச் சொன்னார். அதுவரை ஸ்டடி டூர் பற்றியே பேசிக்கொண்டிருந்தவர், இப்போது கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

தாத்தா அம்மா பக்கம் திரும்பினார். அவளை விட்டுவிடச் சொல்லி ஜெஸ்ஸி ஆன்ட்டி அவருக்குக் கண்ணைக் காட்டினார். நான் அப்போது போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா, அம்மா உங்கள் பெயரைச் சொல்லி நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை. "என்னங்க" என்பாள், "பாப்பா அப்பா" என்பாள். நீங்கள் போன அன்று ஆஸ்பத்திரியில் பெயர் கேட்டபோதுகூட உங்கள் எமிரேட்ஸ் ஐடியை எடுத்து நீட்டினாள். போலீஸிலும் அப்படித்தான். இந்தக் காலத்தில் யார் இப்படி இருக்கிறார்கள் என்று நான் அவளைக் கிண்டல் செய்திருக்கிறேன்.

அந்த அறையில் அம்மா கிளாஸைக் கையில் எடுத்தாள்.

"ஞானசேகரன்" என்றாள்.

தாத்தாவுக்கு அந்த 'ஞா' வரவில்லை. துண்டு துண்டாகச் சொல்லிப் பார்த்தார். அம்மா திருத்தினாள். மூன்றாவது தடவை சரியாக வந்துவிட்டது. சுற்றி நின்ற அத்தனை பேரும் உங்கள் பெயரைத் திரும்பச் சொன்னார்கள். அம்மா ஒரே மடக்கில் குடித்துவிட்டு, புறங்கையால் வாயைத் துடைத்தாள். ஆன்ட்டி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அம்மா அழுதாளா, சிரித்தாளா? எத்தனை தடவை போட்டுப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை.

திருச்சியில் உங்களுக்குக் கொள்ளி வைத்தது பெரியப்பா மகன். நாங்கள் பெண்கள் வாசலோடு நின்றுவிட்டோம். ஐயர் வேகமாக எதையோ சொல்லிக்கொண்டே போனார். அதில் உங்கள் பெயர் எங்கே வந்தது என்றே எனக்குத் தெரியாது. அங்கே எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒயின் வாசனை அடிக்கும் அறையில், மொழி தெரியாத ஆட்களுக்கு நடுவில், நீங்கள் போய்விட்டீர்கள் என்று முதல் தடவையாகப் புரிந்தது. இது சரியா? இப்படி ஒரு இடத்தில் புரியலாமா?

என் தப்பு இனிமேல்தான் வருகிறது. அந்த வீடியோவை உங்களுக்கு அனுப்ப வேண்டும் போல இருந்தது. நம் மூன்று பேருக்கும் நீங்கள் ஆரம்பித்த 'வீடு' குரூப்புக்கு அனுப்பினேன். நீங்கள் போனதிலிருந்து அந்த குரூப்பை நான் திறக்கவே இல்லை. திறந்தால் உங்கள் கடைசி மெசேஜ் தெரியும். அனுப்பிய பிறகுதான் திறந்தேன். வரும் வழியில் குபூஸ் ரொட்டி வாங்கணுமா என்று நீங்கள் கேட்டிருந்தீர்கள். அதற்குக் கீழே உங்கள் பாஸ்போர்ட் காப்பி, தூதரகத்துக் காகிதங்கள். உங்களை ஊருக்கு அனுப்புவதற்காக வேண்டியிருந்த காகிதங்கள். அவற்றை அனுப்ப வசதியாக அம்மா அந்த குரூப்பில் பெரியப்பாவைச் சேர்த்திருக்கிறாள். எனக்குத் தெரியாது.

உடனே அழித்தேன். அதற்குள் பெரியப்பா பார்த்துவிட்டதாகக் காட்டியது. அம்மாவின் போனில் அப்போது நெட் இல்லை. ஹோட்டலுக்கு வந்ததும், எதையோ அழித்திருக்கிறாயே, என்ன என்று கேட்டாள். தெரியாமல் கைபட்டுவிட்டது என்றேன். அவள் நம்பிவிட்டாள். அது இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

ஆறு நாள் பெரியப்பாவிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. இன்று ஸ்கூல் விட்டு வந்தபோது எனக்குத் தனியாக ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்திருந்தது.

"பாப்பா, நீ அனுப்புன வீடியோவ பஸ்ல வரும்போது பாத்தேன். சுத்தி ஆளுங்க இருந்தாங்கன்னு சத்தம் இல்லாமப் பாத்தேன். வீட்டுக்கு வந்து பாக்கலாம்னா அழிச்சுட்ட. திரும்ப அனுப்பு. உங்கம்மாகிட்ட சொல்ல வேணாம்."

பதினேழு தடவை கேட்டுவிட்டேன். கோபமாகவும் இல்லை, அன்பாகவும் இல்லை. அவர் குரல் உங்கள் குரல் மாதிரியே இருப்பது வேறு என்னைக் குழப்புகிறது. நீங்கள் கேட்டால் யோசிக்காமல் அனுப்பிவிடுவேன்.

அந்த வீடியோவை நானும் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தேன். அம்மா வாயசைக்கிறாள், கிளாஸைத் தூக்குகிறாள், சுற்றி எல்லோரும் கிளாஸைத் தூக்குகிறார்கள், அம்மா குடிக்கிறாள், ஒருவரைக் கட்டிப்பிடித்துக் குலுங்குகிறாள். சத்தமில்லாமல் பார்த்தால் அது பார்ட்டி அப்பா. எனக்கே அப்படித்தான் தெரிந்தது. பெரியப்பா ஆறு நாளாக மனசில் வைத்திருப்பது அந்த அம்மாவைத்தான்.

சத்தத்தோடு கேட்டால் அவருக்குப் புரியுமா? தம்பி பெயரை அத்தனை பேர் சொல்வதைக் கேட்டு அழுவாரா? இல்லை, திதிக்கு எல்லோரும் உட்காரும்போது போனை எடுத்துக் காட்டி, இவளிடமா பிள்ளையை விடுவது என்று கேட்பாரா? அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றது அவள் கூசிப்போய்விடக் கூடாது என்பதற்கா, அவளுக்குத் தெரியாமலே எல்லாம் முடிந்துவிட வேண்டும் என்பதற்கா? பெரியப்பா கெட்டவர் இல்லை. உங்கள் பெட்டி விமானத்திலிருந்து இறங்கும்வரை இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாராம். ஆனால் கெட்டவராக இல்லாதவர்களும் என்னை அம்மாவிடமிருந்து பிரித்துக் கூட்டிப்போகலாம் இல்லையா?

ஒன்று மட்டும் எனக்குத் தெரிகிறது. அந்த வீடியோ என்னுடையது இல்லை. உங்கள் பெயரை அம்மா உங்களுக்காகச் சொன்னாள். அதை யார் கேட்கலாம் என்பதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும். அவளுக்குத் தெரியாமல் பெரியப்பாவுக்கு நான் அனுப்ப மாட்டேன். அழிக்கவும் மாட்டேன். நாளைக்குக் காலையில் அம்மா டியூட்டிக்குக் கிளம்புவதற்கு முன்னால், நான் எடுத்தது, அனுப்பியது, பொய் சொன்னது, பெரியப்பா கேட்டது, எல்லாவற்றையும் நானே அவளிடம் சொல்லிவிடுவேன். அவள் திட்டினாலும் சரி, என்னோடு பேசாமல் இருந்தாலும் சரி. இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு அப்பா. காலையில் மனசு மாறிவிடுமோ என்றுதான் இப்போதே எழுதி வைக்கி...

அம்மா கதவைத் தட்டுகிறாள்.

"பாப்பா, முழிச்சிருக்கியா? பெரியப்பா லைன்ல இருக்காரு. உங்கிட்டத்தான் பேசணுமாம்."

காலை வரைக்கும் நேரம் இல்லை அப்பா. போனைக் கையில் வாங்குவதற்கு முன்னால் அவளிடம் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் மகள்